கேட்டுச் சொல், சொல்லிக் கேள்

(கோலா கெத்தில் வட்டாரத் தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பேச அழைத்தபோது, "பிள்ளைகளுக்குப் புத்திமதி ஏதாவது சொல்லுங்கள்" என்றார்கள். புத்திமதி சொல்லும் பெரியவர்கள் நாட்டில் ஏராளம். ஆகவே நான் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கின்றேன். கேள்வியைக் கேட்டவன் இந்தப் பள்ளி மாணவன் ஒருவன்தான்.

"தாத்தா, ரெண்டும் முட்டிக்காதா?"

சில வாரங்களுக்கு முன் நம் ஊர்க் கடைத்தெருவில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பள்ளிச் சீருடையில் ஒரு சிறுவன் அண்ணாந்து வானத்தைப் பார்த்தபடி நின்றான். மேலே இரண்டு விமானங்கள். ஒன்று மிக உயரத்தில் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போனது. மற்றொன்று பினாங்குப் பக்கமாகத் தாழ்ந்து போனது. பையன் என் பக்கம் திரும்பி, "தாத்தா, ரெண்டும் முட்டிக்காதா?" என்று கேட்டான். உடனே அவன் அம்மா, "பெரியவங்ககிட்ட என்னடா கேள்வி? வாயை மூடிக்கிட்டு நில்லு" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தார். பஸ் வந்தது. அவர்கள் ஏறிப் போய்விட்டார்கள்.

அந்தத் தாயை நான் குறை சொல்லவில்லை. என் தாயும் அப்படித்தான் என்னை வளர்த்தார். பெரியவர்களிடம் மரியாதை வேண்டும் என்பது நம் வீட்டுப் பாடம். ஆனால் அந்தப் பையன் கேட்டது பெரிய பெரிய அதிகாரிகளும் நீதிபதிகளும் உட்கார்ந்து ஆராய்ந்த கேள்வி. அதற்குப் பதில் கிடைக்க நூற்றுக்கணக்கான உயிர்கள் போக வேண்டியிருந்தது.

நான் விமானி அல்லன். பால்மரம் வெட்டியவரின் மகன். தோட்டத்தில் தொடங்கி, செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்த்து, ஓய்வு பெற்றவன். படிக்கும் பழக்கம் ஒன்றுதான் என் சொத்து. இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்ததற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்கின்றேன்.

வானத்திலும் வேலி உண்டு

வானம் பரந்து கிடக்கின்றதே, எங்கே வேண்டுமானாலும் பறக்கலாம் என்று நாம் நினைக்கின்றோம். அப்படி அல்ல. ஒவ்வொரு விமானத்தையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலி இருக்கின்றது. அதற்குள் வேறு விமானம் வரக்கூடாது. மேலும் கீழுமாக 1,000 அடி இடைவெளி இருக்க வேண்டும். அந்த உயர இடைவெளி இல்லாவிட்டால் பக்கவாட்டில் இடைவெளி வேண்டும். ரேடார் பார்வையில், விமான நிலையத்துக்கு அருகே பொதுவாக 3 கடல் மைல், அதாவது ஐந்தரைக் கிலோமீட்டர். தொலைவில் பறக்கும்போது 5 கடல் மைல், அதாவது 9 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இந்த இரண்டில் ஏதாவது ஒன்று எந்நேரமும் இருந்தாக வேண்டும். இரண்டும் இல்லாமல் போனால், விமானங்கள் மோதாவிட்டாலும் அது பெரிய தவறு. விசாரணை நடக்கும்.

1,000 அடி என்பது ஏறக்குறைய 305 மீட்டர். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. கேட்கப் பெரிதாகத் தெரியும். இருநூறு முந்நூறு டன் எடையுள்ள விமானம் பாய்ந்து இறங்கும்போது அது ஒன்றுமே இல்லை. அரை நிமிடக் கவனக்குறைவில் கரைந்துவிடும்.

இதிலும் சிக்கலானது, விமானங்கள் இறங்க வரும் நேரம். நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கோலா என்றால் ஓர் ஆறு இன்னொன்றில் வந்து சேருமிடம். கெத்தில் ஆறு மூடா ஆற்றில் சேருமிடம் கோலா கெத்தில். விமான நிலையமும் ஒரு கோலாதான். நாலா திசையிலிருந்தும் விமானங்கள் ஒரே இடத்தை நோக்கி இறங்கி வருகின்றன. அதே நேரத்தில் அங்கிருந்து வேறு விமானங்கள் ஏறிப் போகின்றன. ஆறுகள் கலந்தால் வெள்ளம் பெருகும், அவ்வளவுதான். விமானங்கள் கலக்கக் கூடாது.

கலக்காமல் பார்த்துக்கொள்பவர் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருக்கும் அதிகாரி. அவருக்கு ஸ்டியரிங் கிடையாது, பிரேக் கிடையாது. அவர் கையில் இருப்பது வாய்ச்சொல் மட்டுமே. "நீ இந்த உயரத்துக்கு இறங்கு, அதற்குக் கீழே வராதே" என்று வானொலியில் சொல்வார். விமானி அதைக் கேட்டு நடக்க வேண்டும். ஆக, அத்தனை உயிர்களும் ஒருவர் சொல்வதையும் மற்றவர் கேட்பதையும் நம்பியே வானத்தில் இருக்கின்றன.

சர்க்கி தாத்ரி

1996-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் மாலை. டில்லி விமான நிலையத்திலிருந்து சவூதி அரேபிய விமானம் ஒன்று புறப்பட்டது. போயிங் 747 என்னும் பெரிய விமானம். அதில் 312 பேர். பயணிகளில் பெரும்பாலோர் இந்தியர். பாலைவன நாட்டுக்கு வேலைக்குப் போனவர்களே மிகுதி. மனைவி மக்களை விட்டுவிட்டுக் கூலி தேடிப் போனவர்கள். கப்பல் ஏறி இந்த மண்ணுக்கு வந்த நம் பாட்டன் பாட்டிகளைப் போன்றவர்கள் என்று சொன்னால் உங்களுக்குப் புரியும்.

அதே நேரத்தில் கசக்ஸ்தான் நாட்டிலிருந்து இன்னொரு விமானம் டில்லியில் இறங்க வந்துகொண்டிருந்தது. இல்யூஷின் 76 என்னும் சோவியத் வடிவமைப்பு. அதில் 37 பேர். பயணிகளில் பலர் டில்லியில் சாமான் வாங்கிப்போக வந்தவர்கள்.

அந்தக் காலத்தில் டில்லிக்கு வரும் விமானங்களுக்கும் புறப்படும் விமானங்களுக்கும் ஒரே வழிதான் இருந்தது. சுற்றியிருந்த வான்வெளியில் பெரும்பகுதி விமானப்படையிடம் இருந்தது. ஒற்றையடிப் பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு பால்லாரிகள் வருவது போல. அதிகாரி முறைப்படிதான் செய்தார். இறங்கி வந்த கசக் விமானத்தை 15,000 அடியில் நிற்கச் சொன்னார். ஏறிப்போன சவூதி விமானத்தை 14,000 அடியில் நிற்கச் சொன்னார். நடுவில் 1,000 அடி. ஒன்றின் தலைக்கு மேலே மற்றது போய்விடும். எதிரே விமானம் வருகின்றது, கவனமாகப் பாருங்கள் என்றும் கசக் விமானத்துக்குச் சொன்னார். எதிர் விமானம் எந்த உயரத்தில் வருகின்றது என்பதையும் சொன்னார்.

கசக் விமானத்திலிருந்து பதில் வந்தது. 15,000 அடியில் இருக்கின்றோம் என்றார்கள். ஆனால் இருக்கவில்லை. அதற்குக் கீழே இறங்கிவிட்டிருந்தார்கள். இன்னும் இறங்கிக்கொண்டும் இருந்தார்கள்.

அதிகாரிக்கு இது ஏன் தெரியவில்லை? அப்போது டில்லியில் இருந்த ரேடார், விமானம் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று மட்டுமே காட்டும். உயரத்தைக் காட்டாது. உயரத்துக்கு விமானத்தில் இருப்பவர்கள் வாயால் சொல்வதுதான் கணக்கு. அவர்கள் சொன்னதை அவர் நம்பினார். வேறு வழி இல்லை.

சரி, விமானத்தில் இருந்தவர்கள் ஏன் தவறாகச் சொன்னார்கள்? இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்த விமானத்தில் ஓட்டுபவர் ஒருவர், வானொலியில் பேசுபவர் வேறொருவர். கட்டுப்பாட்டு அறையோடு ஆங்கிலத்தில் பேசுவது அவர் வேலை. ஆனால் அவருக்கு முன்னால் உயரம் காட்டும் கருவி கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விமானிகளுக்கோ ஆங்கிலம் சரளமாக வராது. காது ஒருவரிடம், கை இன்னொருவரிடம். நடுவில் இருந்த ஒரு முழம் இடைவெளியில் அந்த 1,000 அடி காணாமல் போயிற்று.

கடைசி விநாடிகளில் வானொலிக்காரர் கருவியை எட்டிப் பார்த்தார். உயரம் தப்பியிருப்பது தெரிந்தது. குரல் கொடுத்தார். விமானம் அவசரமாக மேலே எழும்பியது. எழும்பாமல் இருந்திருந்தால் ஒருவேளை கீழே நழுவிப் போயிருக்கும் என்கின்றார்கள். எழும்பியதால் நேரே சவூதி விமானத்தில் போய் மோதியது. அரியானா மாநிலத்துச் சர்க்கி தாத்ரி என்னும் ஊர்ப்பக்கம், வயல்களில் இரண்டும் விழுந்தன. 349 பேரும் மாண்டார்கள். ஆகாயத்தில் இரண்டு விமானங்கள் மோதி இத்தனை பேர் இறந்தது உலகத்திலேயே அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

நீதிபதி லகோத்தி தலைமையில் விசாரணை நடந்தது. கசக் விமானம் தனக்கு ஒதுக்கிய உயரத்தைவிட்டுக் கீழே இறங்கியதே காரணம் என்று முடிவாயிற்று. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். சோம்பேறிகளும் அல்லர். கேட்ட சொல் கேட்டவரோடு நின்றுவிட்டது. செய்ய வேண்டியவரின் கைக்குப் போய்ச் சேரவில்லை. கொடுமை அவ்வளவுதான்.

நம் நாட்டில், புச்சோங் குன்றில்

எங்கேயோ டில்லியில் நடந்தது என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. இது இரண்டு விமானங்கள் மோதியது அன்று. ஒரு விமானம் குன்றில் மோதியது. ஆனால் நோய் ஏறக்குறைய அதே நோய்.

1989-ஆம் ஆண்டு பிப்ரவரி 19. சிங்கப்பூரிலிருந்து ஃபிளையிங் டைகர் என்னும் நிறுவனத்தின் சரக்கு விமானம் சுபாங்கில் இறங்க வந்தது. பொழுது விடிகின்ற நேரம். 2,400 அடிக்கு இறங்கலாம் என்று கட்டுப்பாட்டு அதிகாரி சொல்ல நினைத்தார். இலக்கங்களைத் தனித்தனியாகச் சொன்னார்: டூ, ஃபோர், சீரோ, சீரோ. மாணவர்களே, ஆங்கிலத்தில் "டூ" என்றால் இரண்டு. அதே ஓசையில் "வரை" என்னும் பொருள் தரும் இன்னொரு சொல்லும் உண்டு. விமானிகள் காதில் அது "ஃபோர் சீரோ சீரோ வரை", அதாவது "400 வரை" என்று விழுந்தது. 2,400 அடி 400 அடியாகிவிட்டது.

விமானி "சரி, ஃபோர் சீரோ சீரோ" என்று திருப்பிச் சொன்னார். அங்கேயே பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. தரை நெருங்குகின்றது என்று விமானத்தில் இருந்த கருவியும் எச்சரித்தது. அதையும் யாரும் பொருட்படுத்தவில்லை. புச்சோங் அருகே ஒரு குன்றில் மோதி, விமானத்தில் இருந்த 4 பேரும் இறந்தார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கின்றது. அந்த விமானி தான் கேட்டதைத் திருப்பிச் சொன்னார். விதிப்படி அது சரி. ஆனால் திருப்பிச் சொன்னதை எதிரில் இருப்பவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அதுவும் விதிதான். சொன்னவருக்கு, சொன்னதோடு வேலை முடிந்துவிடாது. தான் சொன்னதுதான் அங்கே போய்ச் சேர்ந்ததா என்று பார்த்த பிறகே முடிகின்றது.

நான் தலையாட்டிய கதை

இனி என் சொந்தக் காரணத்தைச் சொல்கின்றேன். இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

எனக்கு அப்போது 14 வயது. பள்ளி விடுமுறை. நாங்கள் இருந்த தோட்டத்தில் கிழட்டுப் பால்மரங்களைச் சாய்த்து மறுநடவுக்கு நிலத்தைத் தயார் செய்தார்கள். மரம் அறுக்கும் வேலை வெளியாள் குத்தகைக்காரரிடம் இருந்தது. அதே மலையில் எங்கள் லயத்துப் பெண்கள் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டு போனேன்.

குத்தகைக்காரர் என்னைக் கூப்பிட்டார். மரம் சாயப் போகின்றது, பெண்கள் இத்தனையாவது நிரைக்கு அப்பால் போக வேண்டும், போய்ச் சொல் என்று மலாயில் சொன்னார். பக்கத்தில் மரம் அறுக்கும் இயந்திரம் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது. அவர் சொன்னது "லிமா பூலோ", ஐம்பது. என் காதில் "லிமா" மட்டும்தான் சரியாக விழுந்தது. மிச்சத்தை நானாக "பெலாஸ்" என்று போட்டுக்கொண்டேன். "லிமா பெலாஸ்", பதினைந்து.

சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. நன்றாகவே வந்தது. திரும்பக் கேட்டால், "இந்தப் பையனுக்கு மலாய்கூட விளங்கவில்லை" என்று சிரிப்பார்களோ என்று வெட்கம். பெரியவர் சொல்லும்போது மறுத்துக் கேட்பது மரியாதை இல்லை என்று வேறு ஒரு நினைப்பு. அவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினேன். ஓடிப்போய், "பதினஞ்சாம் நிரைக்கு அந்தாண்டை போகணுமாம்" என்று சொன்னேன். பெண்கள் பதினைந்தைத் தாண்டிப் போய், அங்கே நிம்மதியாக வேலையைத் தொடங்கினார்கள்.

மரம் விழுந்தது. எல்லாரும் கத்திக்கொண்டு ஓடினார்கள். என் அம்மா தப்பினார். பக்கத்து வீட்டு அத்தையின் காலில் பெரிய கிளை ஒன்று விழுந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் அந்தக் கால் கடைசிவரை சரியாகவில்லை. அவர் சாய்ந்து சாய்ந்து நடப்பதை நான் பல வருஷம் தினமும் பார்த்தேன்.

குத்தகைக்காரர் ஐம்பது என்றுதான் சொன்னேன் என்றார். உண்மைதான். பிள்ளை பதினஞ்சு என்றுதான் சொன்னான் என்றார்கள் பெண்கள். அதுவும் உண்மைதான். என்னை யாரும் அடிக்கவில்லை. சின்னப் பையன்தானே என்று விட்டுவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து அம்மா என்னை அத்தையிடம் அழைத்துப் போய், நடந்ததைச் சொல்லச் சொன்னார். அழுதுகொண்டே சொன்னேன். அத்தை நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இன்னொரு தடவை கேட்டிருந்தா நீ என்னடா குறைஞ்சா போயிருப்ப?" என்றார். திட்டவில்லை. அதைத்தான் சொன்னார். அத்தை இன்று இல்லை. அந்தக் கேள்வி இன்றும் என்னோடு இருக்கின்றது.

பல வருஷம் கழித்துச் சர்க்கி தாத்ரி செய்தியைப் பத்திரிகையில் படித்தேன். 15,000, 14,000 என்ற எண்களைப் பார்த்ததும் எனக்குப் பதினைந்தும் ஐம்பதும்தான் நினைவுக்கு வந்தன.

தவறிலிருந்து கற்றவை

அந்த 349 உயிர்களுக்குப் பிறகு பல மாற்றங்கள் வந்தன. டில்லியில் வரும் விமானங்களுக்கு ஒரு பாதை, போகும் விமானங்களுக்கு ஒரு பாதை என்று பிரித்தார்கள். உயரத்தையும் காட்டும் ரேடார் வேலைக்கு வந்தது. இந்தியாவுக்கு வந்து போகும் பெரிய விமானங்களில் டீகாஸ் என்னும் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாயிற்று. இக்கருவி அக்கம் பக்கத்து விமானங்களோடு தானாகவே பேசும். ஆபத்து நெருங்கினால் ஒரு விமானியை "ஏறு" என்றும், மற்றவரை "இறங்கு" என்றும் குரல் கொடுத்துச் சொல்லும்.

இந்தக் கருவி பின்னர் நம் இனத்தவர் பலரைக் காப்பாற்றியிருக்கின்றது. 2018-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள், கோயம்புத்தூரிலிருந்து ஐதராபாத்துக்குப் போன விமானமும், பெங்களூரிலிருந்து கொச்சிக்குப் போன விமானமும் பெங்களூர் வான்வெளியில் நெருங்கிவிட்டன. உயரத்தில் 200 அடிதான் வித்தியாசம் என்று செய்தி வந்தது. இரண்டிலும் சேர்த்து முந்நூறுக்கு மேற்பட்ட பயணிகள். கருவி எச்சரித்தது, விமானிகள் உடனே கீழ்ப்படிந்தார்கள், எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

ஆனால் கருவி இருந்தால் மட்டும் போதாது. 2002-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இரவு, ஜெர்மனியில் ஊபர்லிங்கன் என்னும் ஊருக்கு மேலே ஒரு பயணி விமானமும் ஒரு சரக்கு விமானமும் மோதின. 71 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் விடுமுறைச் சுற்றுலா சென்ற ரஷ்யப் பள்ளிப் பிள்ளைகள். கட்டுப்பாட்டு அறையில் அன்றிரவு ஒரே அதிகாரி இரண்டு பேர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறொரு விமானத்தை இறக்கும் வேலையில் அவர் கவனம் போயிருந்தது. பயணி விமானத்தைக் கருவி ஏறு என்றது, அதிகாரி இறங்கு என்றார். விமானி அதிகாரியின் சொல்லைக் கேட்டார். சரக்கு விமானமோ கருவி சொன்னபடி இறங்கியது. இரண்டும் இறங்கின. இரண்டு குரல் முரண்பட்டால் கருவியின் சொல்லையே கேட்க வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகு தெளிவாக வலியுறுத்தப்பட்டது.

மொழியையும் அவர்கள் விடவில்லை. வெளிநாடுகளுக்குப் பறக்கும் விமானிகளும், அவர்களோடு பேசும் அதிகாரிகளும் ஆங்கிலம் பேசிப் புரிந்துகொள்வதில் குறிப்பிட்ட தரம் பெற்றிருக்க வேண்டும் என்னும் உலக விதி 2008-இல் நடைமுறைக்கு வந்தது. எண்களைச் சொல்வதற்குத் தனி முறையே வைத்திருக்கின்றார்கள். ஒன்பதை "நைன்" என்று சொல்லாமல் "நைனர்" என்பார்கள். ஏன்? "ஃபைவ்" என்பதோடு குழம்பக் கூடாது என்பதற்காக. "ரோஜர்" என்று ஒரு சொல் உண்டு. படத்தில் கேட்டிருப்பீர்கள். அதற்கு "நீ பேசியது முழுவதும் காதில் விழுந்தது" என்று மட்டுமே அர்த்தம். உயரத்தைச் சொன்னால் "ரோஜர்" என்று பதில் சொல்லித் தப்பிக்க முடியாது. எண்ணைத் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். புரியாவிட்டால் "மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்க அதற்கும் ஒரு சொல் இருக்கின்றது. நூறு தடவை கேட்டாலும் எந்த அதிகாரியும், "உனக்குக் காது இல்லையா?" என்று கேட்கக் கூடாது.

நம் வீட்டு "ரோஜர்"

பெற்றோர்களே, நம்மிடமும் ஒரு "ரோஜர்" இருக்கின்றது. "சரிங்க ஐயா." தலைமுறை தலைமுறையாகப் பெரட்டுக் களத்தில் நின்று பழகிய சொல் அது. துரை சொன்னால் சரிங்க ஐயா. கிராணி சொன்னால் சரிங்க ஐயா. மண்டோர் சொன்னால் சரிங்க ஐயா. திருப்பிக் கேட்டால் திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. நம் பெரியவர்கள் பயந்து வாயை மூடியதில் குற்றம் இல்லை. அந்தக் காலம் போய்விட்டது. பழக்கம் மட்டும் இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கின்றார்கள். தினம் எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, மற்ற மருந்தை நிறுத்த வேண்டுமா என்று மலாயிலோ ஆங்கிலத்திலோ வேகமாகச் சொல்கின்றார்கள். நாம் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து பக்கத்தில் நிற்பவரைக் கேட்கின்றோம். மருந்து தெளிக்கும் வேலையில் எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு மருந்து என்று சொல்கின்றார்கள். அங்கேயும் தலையாட்டல். அலுவலகத்தில் பாரத்தை நீட்டிக் கையெழுத்து என்கின்றார்கள். என்ன பாரம் என்று கேட்காமல் போடுகின்றோம். எங்கே எல்லாம் தலை மட்டும் ஆடி வாய் ஆடவில்லையோ, அங்கே எல்லாம் இரண்டு விமானங்கள் நெருங்கிக்கொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. "ஐயா, நீங்கள் சொன்னதை நான் ஒரு தடவை சொல்லிக் காட்டுகின்றேன், சரியா என்று பாருங்கள்" என்று சொன்னால் போதும். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. சொன்னவரின் சொல்லை இவ்வளவு அக்கறையோடு எடுத்துக்கொள்கின்றோம் என்பதே அவருக்கு நாம் செய்யும் பெரிய மரியாதை.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். நீங்கள் அறியாததை நான் சொல்லப் போவதில்லை. "புரிந்ததா?" என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் "புரிந்தது ஐயா" என்னும். அது "ரோஜர்". "என்ன புரிந்தது, சொல் பார்ப்போம்" என்று கேளுங்கள். தடுமாறும் பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தால், சிரிப்பவர்களைக் கண்டியுங்கள். அன்று என் வாயை அடைத்தது மலாய் தெரியாதது மட்டும் அன்று. யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற பயமும்தான்.

மாணவச் செல்வங்களே, நம் தமிழில் ஓர் அழகு இருக்கின்றது. காதால் வாங்குவதற்கும் "கேள்" என்றுதான் சொல்கின்றோம். சந்தேகத்தை வினவுவதற்கும் "கேள்" என்றுதான் சொல்கின்றோம். இரண்டு வேலைக்கும் ஒரே சொல். திருவள்ளுவர் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களுக்கு அடுத்ததாகக் கேள்வி என்றே ஓர் அதிகாரம் வைத்தார். அவர் சொன்னது காதால் கேட்கும் கேள்வி. இன்று கேள்வி என்றால் நாம் வினாவைச் சொல்கின்றோம். கவனமாகக் கேட்பவனுக்குத்தான் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தவன் கேட்டால்தான், கேட்டது முழுமையாகும்.

தமிழை நன்றாகப் படியுங்கள். சிந்தனை தெளிவாக வரும். மலாயையும் ஆங்கிலத்தையும் அதே அக்கறையோடு படியுங்கள். எந்த மொழியில் யார் சொன்னாலும், அதைக் காதில் வாங்கி, கைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் திறமை உங்களுக்கு வேண்டும். உங்களில் ஒருவர் நாளை விமானி ஆகலாம். ஒருவர் கட்டுப்பாட்டு அறையில் அமரலாம். ஒருவர் மருத்துவமனையில் மருந்து கொடுக்கலாம். ஒருவர் இதே வட்டாரத்துத் தோட்டத்தில் ஆட்களை நடத்தலாம். எல்லா வேலையிலும் இதுதான் முதல் பாடம்.

இன்று முதல் பரிசு, இரண்டாம் பரிசு வாங்கப்போகும் அனைவருக்கும் என் வாழ்த்துகள். பரிசு கிடைக்காத பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கின்றேன். வருகின்ற திங்கட்கிழமை வகுப்பில் புரியாத ஒன்றை எழுந்து நின்று கேளுங்கள். மற்றவர்கள் சிரித்தாலும் கேளுங்கள். அந்தப் பரிசைக் கொடுக்க மேடை வேண்டாம்.

கடைத்தெருவில் கேள்வி கேட்ட தம்பி இந்தக் கூட்டத்தில் எங்கேயோ இருப்பான் என்று நினைக்கின்றேன். தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். பெரும்பாலும் முட்டிக்காது. முட்டிக்காமல் இருப்பதற்காக, இந்த நிமிடத்திலும் வானத்தில் ஒருவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கின்றார், தரையில் ஒருவர் அதைக் கவனித்துக் கேட்டுக்கொண்டிருக்கின்றார். நீ இன்னும் நிறையக் கேள். உன் அம்மாவும் இனி கையைப் பிடித்து இழுக்க மாட்டார்.